ஆறாம் பாடம், பத்தாவது கேள்வி

சிதம்பரம்
8.7.2024

மாணவர் எண் 4127 அவர்களுக்கு,

வேத அஞ்சல் வழிப் பாடத்தின் ஆறாம் விடைத்தாளைத் திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இருபதுக்குப் பதினேழு. சவுல் எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தான், யாரைப் பிடித்துக் கட்டிக்கொண்டு வரப் போனான், எத்தனை நாள் கண் தெரியாமல் கிடந்தான் என்பது போன்ற ஒன்பது கேள்விகளுக்கும் சரியாக எழுதியிருக்கிறீர்கள். பத்தாவது கேள்விக்கு மட்டும் மூன்று மதிப்பெண் குறைத்திருக்கிறேன். இந்தப் பகுதியிலிருந்து உங்கள் வாழ்க்கைக்கு என்ன பாடம் எடுத்துக்கொண்டீர்கள் என்பது கேள்வி. நீங்கள் எழுதியது: "தன்னைப் பிடிக்க வந்த சவுல் இருக்கிற வீட்டுக்கே இயேசுவின் சீஷன் அனனியா எழுந்து போனான். அந்த மாதிரி இந்தக் காலத்தில் யாரும் வரமாட்டார்கள்." இது பாடம் இல்லை, புலம்பல்.

அலுவலகக் கடிதம் இதோடு முடிந்தது. திருத்துகிறவர்கள் பெயர் எழுதக் கூடாது, மாணவர்களோடு சொந்தக் கடிதம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது இங்கே சட்டம். ஒன்பது வருஷமாகத் திருத்துகிறேன், இன்றைக்குத்தான் அதை மீறுகிறேன்.

உங்கள் முதல் ஐந்து தாள்களை வேறொருவர் திருத்தினார். அவர் மகள் பிரசவத்துக்குப் போய்விட்டதால் கட்டு என்னிடம் வந்தது. உறையின் பின்னால் ச. சக்கரபாணி என்று பார்த்தேன். கடலூர்ப் பக்கத்தில் சக்கரபாணிகள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் அடுத்த பக்கம் வரை பள்ளம் விழுகிற மாதிரி அமுக்கி எழுதுகிறவர் ஒருவர்தான். மூன்றாம் வகுப்புக்குள் மூன்று சிலேட்டை உடைத்து அப்பாவிடம் அடி வாங்கியவர்.

நான் பவானி, உங்கள் தங்கை. பதினெட்டு வருஷமாக அந்தப் பெயர் உங்கள் வாயில் வந்திருக்காது என்பதால் ஞாபகப்படுத்துகிறேன். கேட்பதற்கு ஒன்றுதான் இருக்கிறது. இந்தத் தடவை யார் அனுப்பி வந்திருக்கிறீர்கள்?

பவானி எழிலன்

*

குப்பம், கடலூர்
17.7.2024

அன்புள்ள தங்கச்சி பவானிக்கு அண்ணன் சக்கரபாணி எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் கொடுக்கும்போது தனம் வாசலில் நின்றாள். என்ன என்று கேட்டாள். பாடம் என்றேன். "அம்பத்தஞ்சு வயசுல பாடமா? போட்டு இன்ஜின் ரிப்பேராயி கெடக்குது, மொதல்ல அதப் படிங்க" என்றாள். உன் அண்ணி மாறவே இல்லை.

நீதான் திருத்துகிறாய் என்று எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் நோட்டீஸ் கொடுத்தார். அதில் போட்டிருந்த விலாசத்துக்கு எழுதினேன். அவ்வளவுதான்.

யாரும் அனுப்பவில்லை. நானாகத்தான் வந்தேன். மாசி மாசத்திலிருந்து கடலூரில் ஜெயப்பிரகாஷ் போதகர் சபைக்குப் போகிறேன். கடைசி வரிசையில் உட்காருவேன். நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். என் கதை அங்கே எல்லாருக்கும் தெரியும். போதகர் நல்ல மனுஷன், கை குலுக்குவார். குலுக்கிக்கொண்டே, "கூட வேற யாரும் வரலயே?" என்று வாசலை எட்டிப் பார்ப்பார். ஒரு வாரம் இல்லை, எல்லா வாரமும்.

புலம்பல் என்று மார்க் குறைத்துவிட்டாய். எனக்குத் தோன்றியதை எழுதினேன்.

உன் போன் நம்பர் எழுது. பேனா பிடித்தால் விரல் மரத்துப் போகிறது. மச்சானை விசாரித்ததாகச் சொல். பிள்ளை உண்டு என்று கேள்விப்பட்டேன். ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சக்கரபாணி

*

சிதம்பரம்
1.8.2024

சக்கரபாணி அவர்களுக்கு,

நம்பர் தருவதாக இல்லை. போனில் பேசியதைப் பிறகு இல்லை என்று சொல்லிவிடலாம். எழுதியது என் கையில் இருக்கும். உங்களோடு எனக்கு அப்படித்தான் சரிப்படும்.

அலுவலக ஃபைலிலிருந்து உங்கள் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். அறிமுகப்படுத்தியவர் பெயர் என்ற இடத்தில், அதே அமுக்கிய எழுத்தில், "ரத்தினம்மாள், குறிஞ்சிப்பாடி" என்று இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுத்தது அவர்தானா? எழுபத்தாறு வயதில் வாசல்படி இறங்கவே சுவரைப் பிடிக்கிறவர். நான் இங்கே தாள் திருத்துவது அவருக்குத் தெரியும். அப்படியானால் உங்களுக்கும் தெரியும். முதல் கடிதத்திலேயே பொய்யோடு ஆரம்பித்திருக்கிறீர்கள்.

நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன், எனக்கு எழுத வேண்டும் போலிருக்கிறது. 2006. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் குப்பத்தில் ரத்தினம்மாள் வீட்டில் ஜெபக்கூட்டம். ஒன்பது வீட்டிலிருந்து வீட்டுக்கு ஒருவர். நம் வீட்டிலிருந்து நான். ஒரு வெள்ளிக்கிழமை நீங்கள் வந்து நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் அண்ணன் வந்துவிட்டான் என்று பாயை இழுத்துப் போட்டது நான்தான். நாலு வெள்ளிக்கிழமை வந்தீர்கள். கை தட்டிப் பாடினீர்கள். முழங்கால் வலிக்கிறது, வேண்டிக்கொள்ளுங்கள் என்றீர்கள். நாலாவது வாரம் ரத்தினம்மாளின் ஜெபக் குறிப்பு நோட்டைக் காணவில்லை. மறுநாள் காலையில் அது கோயில் முன்னால் பஞ்சாயத்தார் கையில் இருந்தது. அதைப் பார்த்து ஒன்பது பெயரையும் வாசித்தார்கள். ஏழு பேர் விழுந்து கும்பிட்டு, தப்பு என்று சொல்லி, வீட்டுக்குப் போனார்கள். ரத்தினம்மாளும் நானும் விழவில்லை. எங்களோடு யாரும் பேசக் கூடாது, குழாயில் தண்ணீர் பிடிக்க விடக் கூடாது என்றார்கள். குழாயின் திருகைக் கம்பியால் கட்டியவர் நீங்கள். அதற்கு எட்டாம் நாள் நான் ஊரைவிட்டு வந்தேன், ரத்தினம்மாள் குறிஞ்சிப்பாடிக்குப் போனார்.

ஆகவே ஒருவர் கடைசி வரிசையில் வந்து உட்காருகிறார் என்று கேட்டால் எனக்குக் கண்ணீர் வராது. பையை மடியில் வைத்துக்கொள்கிறவர்கள் கெட்டிக்காரர்கள்.

ஏழாம் பாடம் இத்துடன் இருக்கிறது. மாணவர் படிப்பதைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. மனம் மாறிய சவுல் எருசலேமுக்குப் போய் சீஷர்களோடு சேரப் பார்க்கிறான். எல்லாரும் அவனை நம்பாமல் பயப்படுகிறார்கள். அப்படி நம்பாததற்காக அவர்களைக் கண்டித்து அங்கே ஒரு வரிகூட இல்லை. அதையும் கவனித்துப் படியுங்கள்.

பவானி எழிலன்

*

குப்பம், கடலூர்
14.8.2024

தங்கச்சி பவானிக்கு,

பொய்தான். நீ திருத்துவது தெரிந்துதான் எழுதிப் போட்டேன். உண்மையைச் சொன்னால் தாளைப் பிரிக்காமலே திருப்பிவிடுவாய் என்று பயந்தேன். பயந்தால் எனக்கு முதலில் வருவது பொய்தான். அது உனக்கும் தெரியும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். தை மாசம் ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டோம். பரண்மேல் கிடந்ததை இறக்கும்போது பழைய வலைக்கு அடியில் அந்த நோட்டு இருந்தது. பஞ்சாயத்தில் வாசித்து முடித்துவிட்டு அன்றைக்கே என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எரித்துவிடு என்றார்கள். எரிக்கலாம் என்றுதான் பரண்மேல் போட்டேன், மறந்துவிட்டேன்.

அதில் அன்றைக்கு நான் பெயர்களை மட்டும்தான் பார்த்திருந்தேன். இப்போது தளத்தின் கீழே உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். யாருக்காக, என்ன குறை என்று ஒரு பக்கம் எழுதியிருக்கும். அந்த வாரத்தில் வேண்டிக்கொண்டவர்கள் எதிரே டிக் போட வேண்டும். சிலதுக்கு மூணு டிக், சிலதுக்கு நாலு. ரத்தினம்மாள் பேரன் காய்ச்சலுக்கே அஞ்சுதான். "சக்கரபாணி, முழங்கால் வலி" என்பதற்கு எதிரே ஒன்பது டிக் இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன்.

எனக்கு முழங்காலில் வலியே கிடையாது, பவானி. நம்ப வேண்டுமே என்று ஏதோ ஒன்றைச் சொன்னேன். அது இல்லாத வலி. அதற்கு ஒன்பது பேர் ஒரு வாரம் வேண்டியிருக்கிறீர்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

குறிஞ்சிப்பாடிக்குப் போனேன். ரத்தினம்மாள் கதவைத் திறக்கவில்லை. மறுபடி போனேன். மூன்றாவது தடவை கதவைத் திறந்து, "மன்னிப்பு கேக்க வந்தியா? அதெல்லாம் அப்பறம். நீ வேவு பாத்தது எதன்னாவது தெரியுமா ஒனக்கு? மொதல்ல படிச்சிட்டு வா" என்று விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தது. இப்படித்தான் சேர்ந்தேன்.

ஏழாம் பாடம் படித்தேன். நீ சொன்ன வரியையும் படித்தேன். அதற்கு அடுத்த வரியையும் படித்தேன். பர்னபா என்று ஒருத்தன் சவுலைக் கூட்டிக்கொண்டு போய், இவனை எனக்குத் தெரியும் என்று எல்லாரிடமும் சொல்கிறான்.

அக்டோபர் 27 ஞாயிற்றுக்கிழமை போதகர் அஞ்சு பேருக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். என்னைச் சேர்க்கவில்லை. "அந்த ஒம்பது பேருல யாராவது ஒருத்தர் ஒங்களுக்காக எழுதிக் குடுத்தா குடுத்துடறேன். எனக்குச் சந்தேகமில்ல, சபை பயப்படுது" என்றார். ஊரில் இருக்கிற ஏழு வீடும் என்னைப் பார்த்தால் கதவைச் சாத்துகிறது. ரத்தினம்மாளிடம் கேட்டேன். "பவானி கையெழுத்து போட்டா நானும் போடறேன்" என்று சொல்லிவிட்டது.

அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

சக்கரபாணி

*

சிதம்பரம்
27.8.2024

சக்கரபாணி அவர்களுக்கு,

இப்போதுதான் விஷயத்துக்கு வந்திருக்கிறீர்கள். சாட்சிக் கடிதம் வேண்டும். அதற்குத்தான் ஆறு பாடம், அதற்குத்தான் குறிஞ்சிப்பாடி.

ஒன்பது டிக்கில் ஒன்று என்னுடையது. மீன் காயப் போடும்போதெல்லாம் உங்கள் முழங்காலை நினைத்துக்கொண்டே காயப் போட்டேன். அதைச் சொன்னால் உருகிவிடுவேன் என்று எழுதினீர்களா? எனக்குக் கூச்சமாக இருந்தது. இல்லாத வலிக்கு வேண்டிக்கொண்ட பைத்தியக்காரி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

எழிலன் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "எழுதிக் குடுத்துடேன், ஒரு தாளுதான" என்கிறார். அவருக்கு உங்களைத் தெரியாது. அவர் கடை வைத்திருக்கிறார், ஃபேன் ரிப்பேர் செய்கிறார், கெட்டதை எல்லாம் சரி செய்துவிடலாம் என்று நினைக்கிறவர். நான் எழுதிக் கொடுத்து நீங்கள் உள்ளே போய், அந்தச் சபையில் யார் யார் எந்தக் குப்பத்திலிருந்து வருகிறார்கள் என்று இன்னொரு நோட்டு தயார் செய்தால், அந்தப் பெயர்களுக்கு யார் பதில் சொல்வது? இந்தத் தடவையும் பாயை இழுத்துப் போட்டது நான் என்று ஆகிவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை ஒளிக்க விரும்பவில்லை.

இன்னொன்று. 2013இல் அம்மா போனது எனக்குப் பதினாறாம் நாள் முடிந்த பிறகுதான் தெரியும். மார்க்கெட்டில் ஒரு அம்மாள் சொல்லித் தெரிந்தது. கூடையில் இருந்த கத்தரிக்காயைக் கீழே கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். உங்கள் இரண்டு கடிதத்திலும் அம்மா என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

மனம் மாறினவன் செய்வது என்ன என்று சவுலிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவன் சாட்சிக் கடிதம் கேட்டு அலையவில்லை. எந்த ஜனங்களுக்காக வேலை பார்த்தானோ அவர்கள் முன்னாலேயே போய் நின்று பேசினான். உங்களுக்கும் அதே இடம் இருக்கிறது. கோயில் முன்னால், பஞ்சாயத்தார் முன்னால் நின்று, நான் வேவு பார்த்தேன், நான் செய்தது தப்பு என்று சொல்லுங்கள். ஊருக்குத் தெரியாமல் மார்க்கெட்டுக்குப் போகிற சாக்கில் கடலூருக்குப் போகிறவருக்கு நான் எதையும் எழுதிக் கொடுக்க மாட்டேன். நோட்டை எனக்கு அனுப்புங்கள். அது உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. எட்டாம் பாடம் இத்துடன் இருக்கிறது.

பிள்ளை பெண். பெயர் சுவாதி. அதற்கு மேல் சொல்வதாக இல்லை.

பவானி எழிலன்

*

குப்பம், கடலூர்
16.9.2024

பவானிக்கு,

மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் சபைக்குப் போகிறேன். நான் உனக்கு எழுதவில்லை. உனக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அது உண்மைதான்.

வருகிற வெள்ளிக்கிழமை, 20ஆம் தேதி, ஊர்க்கூட்டம். எனக்குப் பேச வேண்டும் என்று பஞ்சாயத்தாரிடம் கேட்டிருக்கிறேன். வலைத் தகராறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நோட்டை அன்று காலையில் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போவேன். கையில் இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள்.

அன்றைக்கு அவர்கள் செய்ததும் பயத்தில்தான், பவானி. சுனாமிக்கு அப்புறம் ஊர் பாதி போயிருந்தது. மிச்சம் இருக்கிறதும் ரெண்டாகப் பிளந்துவிடும் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் அவர்களைக் குறை சொல்லப் போவதில்லை. என்னைப் பற்றி மட்டும் சொல்லப் போகிறேன்.

அம்மாவைப் பற்றி எழுதவில்லை என்றாய். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அம்மா கடைசி நாலு நாளும், "பவானி எங்க, பவானி எங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. "ஆள் அனுப்பியிருக்கேன்மா" என்றேன். அனுப்பவில்லை. மூணாவது நாள் அதட்டிக் கேட்டது. "ஆள் போயிட்டு வந்துட்டான், அவ வரமாட்டேன்னுட்டா" என்று சொன்னேன். அம்மா, "அவ ரோசக்காரி, வரமாட்டா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. அதற்கப்புறம் உன் பேரை எடுக்கவில்லை.

இது தனத்துக்குக்கூடத் தெரியாது. இதை எழுதினால் நீ சாட்சிக் கடிதம் கொடுக்கமாட்டாய். மூன்று நாள் எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். ஆனால் இதை மறைத்துவிட்டு உன்னிடம் கடிதம் வாங்கினால் அது அஞ்சாவது வெள்ளிக்கிழமை ஆகிவிடும்.

சக்கரபாணி

*

குப்பம், கடலூர்
6.10.2024

பவானிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. இருக்காது என்று தெரியும். நோட்டு வந்து சேர்ந்த அட்டை தபாலில் வந்தது, உன் கையெழுத்து இருந்தது. அதுவே போதும்.

கூட்டத்தில் என்ன நடந்தது என்று வேறு யாராவது கூட்டிக் குறைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே எழுதுகிறேன். கோயில் முன்னால் நின்றேன். நாலு வெள்ளிக்கிழமை போனதைச் சொன்னேன், முழங்காலைச் சொன்னேன், நோட்டைத் திருடியதைச் சொன்னேன். கொளஞ்சியப்பன் தலைவர் என் பங்காளி முறை, உனக்குத் தெரியும். அவர் மெல்லக் கேட்டார். "ஊருக்காகத்தான செஞ்ச, அதுல என்ன தப்பு? எவ்ளோ குடுத்தாங்க ஒனக்கு?" ஒருத்தரும் ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன். "சரி, புத்தி பெசகிடிச்சின்னு சொல்லிட்டு ஒரு கும்புடு போட்டுட்டு வீட்டுக்குப் போ" என்றார். அவர் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். நான் விழவில்லை. நீயும் ரத்தினம்மாளும் அன்றைக்கு நின்ற அதே வேப்ப மரத்தடியில்தான் நானும் நின்றேன். முழங்கால் ரெண்டும் ஆடியது. பக்கத்தில் இருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

தள்ளி வைத்திருக்கிறார்கள். போட்டுக்கு ஆள் வருவதில்லை, பதினாறு நாளாகத் தொழில் இல்லை. குழாயும் இல்லை. இந்தத் தடவை கம்பி கட்டியது வேறு ஆள். தனம் பக்கத்துக் குப்பத்துக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாள். "அன்னிக்கு அந்தப் பொண்ணுக்குக் கொழாய கட்டுனது ஒங்க கையி. இன்னிக்கு நான் அலையறேன். நல்லா இருக்குது ஒங்க சாமி கணக்கு" என்றாள். அம்மா விஷயத்தை அவளிடமும் சொல்லிவிட்டேன். ரெண்டு நாள் பேசவில்லை. ஆனாலும் அவள் தன் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. கோபத்தோடு இங்கேதான் இருக்கிறாள்.

இங்கே இருக்கிறவர்கள் நான் விலை போய்விட்டேன் என்கிறார்கள். அங்கே சபையில் நான் வேவு பார்க்க வந்தவன் என்கிறார்கள். சவுலுக்கும் இப்படித்தான் ரெண்டு பக்கமும் இருந்தது என்று எட்டாம் பாடத்தில் படித்தேன். அதைப் படித்தபோது ஒரு ஆள் துணை கிடைத்த மாதிரி இருந்தது. அவன் ரெண்டு பக்கமும் நம்பாவிட்டாலும் வந்த வழியே திரும்பிப் போகவில்லை. நானும் போகமாட்டேன்.

இனிமேல் உன்னிடம் கடிதம் கேட்கவில்லை. 27ஆம் தேதி போவேன். பெயர் இல்லாவிட்டாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மற்ற அஞ்சு பேர் ஞானஸ்நானம் வாங்குவதைப் பார்த்துவிட்டு வருவேன். ஒன்பதாம் பாடத்தை மட்டும் அனுப்பு.

சக்கரபாணி

*

சிதம்பரம்
22.10.2024

அண்ணே,

செப்டம்பர் மாதத்துக் கடிதத்தைப் படித்துவிட்டு உனக்கு இனி எழுதவே கூடாது என்று இருந்தேன். நான் வரமாட்டேன் என்றேன் என்று நினைத்துக்கொண்டே அம்மா போயிருக்கிறது. இத்தனை வருஷம் அம்மாதான் என்னைக் கேட்கவில்லை என்று நானும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ரெண்டு பேரையும் நீ ஏமாற்றியிருக்கிறாய். அதற்கான மன்னிப்பு இந்தக் கடிதத்தில் இல்லை. தேடிப் பார்த்தேன், இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

நீ மார்க்கெட் சாக்கில் போவதை எனக்குச் சொன்னது ரத்தினம்மாள். ஊர்க்கூட்டம் நடந்த கதையைக் கேட்கவும் குறிஞ்சிப்பாடிக்குத்தான் போனேன், உன் வார்த்தையை அப்படியே நம்ப எனக்கு இன்னும் பழகவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே, ஊரிலிருந்து தன் காதுக்கு வந்ததை எல்லாம் சொன்னது. நீ எழுதியதில் ஒன்றைத்தான் குறைத்திருந்தாய். கும்பிடு போடச் சொன்னபோது உன் கன்னத்தில் ஒருவன் அறைந்ததை நீ எழுதவில்லை. "அவன் நம்மள நம்ப வைக்க இங்க வர்றதில்லடி. திட்டு வாங்க வர்றான். எட்டு தடவ வந்துட்டான், நானும் எட்டு தடவயும் திட்டிட்டேன். இப்ப எனக்குத்தான் திட்டு தீந்து போச்சி" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்து அழுதேன்.

நோட்டு செப்டம்பர் 23, திங்கட்கிழமை வந்தது. எல்லாப் பக்கமும் பார்த்தேன். என் எழுத்தில் "அண்ணன் கடலுக்குப் போயிருக்கிறது, பத்திரமாக வர வேண்டும்" என்று பதினோரு இடத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் பள்ளம் விழுந்த எழுத்தில் ஒரு வரி. "20.9.2024. சக்கரபாணி, முழங்கால். நடுங்காமல் நிற்க வேண்டும்." எதிரே டிக் ஒன்றும் இல்லை. யார் போடுவார்கள், நோட்டு தபால் பையில் இருந்தது. நீ நின்றது வெள்ளிக்கிழமை, நான் பார்த்தது திங்கட்கிழமை. நாலு வாரம் அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். நேற்று உட்கார்ந்து வேண்டிக்கொண்டு ஒரு டிக் போட்டேன். காலம் தாழ்ந்து போட்டது செல்லுமா என்று எனக்குத் தெரியவில்லை. சும்மா போடவில்லை.

இத்தனை வருஷமாக ஆறாம் பாடத்தை நான் தப்பாகத் திருத்தியிருக்கிறேன் என்று தோன்றுகிறது. அனனியாவின் பயம் போய்விட்டது, பிறகு அவன் கிளம்பினான் என்று மாணவர்கள் எழுதினால் முழு மதிப்பெண் போடுவேன். வேதத்தில் அப்படி இல்லை. இந்த ஆளைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன் என்று அவன் கர்த்தரிடம் வாதாடுகிறான். போ என்று உத்தரவு வருகிறது. அடுத்து, அவன் போய் வீட்டுக்குள் நுழைகிறான். நடுவில் சந்தேகம் தீர்ந்தது என்று எங்கேயும் எழுதவில்லை. சந்தேகத்தையும் கூட்டிக்கொண்டுதான் அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறான். விசுவாசம் என்றால் பயமில்லாமல் இருப்பது என்றுதான் நானும் சொல்லிக்கொடுத்தேன். பயத்தோடு செருப்பை மாட்டிக்கொள்வதும் அதுதான் போலிருக்கிறது.

சாட்சிக் கடிதத்தைத் தபாலில் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். எழிலன், சுவாதி, ரத்தினம்மாள் மூன்று பேரும் கூட வருகிறார்கள். கிழவி மூன்று நாளாகப் புடவை தேடிக்கொண்டிருக்கிறது. கடைசி வரிசையில் உன் பக்கத்தில் உட்காருவேன். பையைக் கீழேதான் வைப்பேன். இவன் செய்தது இது, இவனை எனக்குத் தெரியும், இவன் என் அண்ணன் என்று நானே எழுந்து சொல்கிறேன். அதற்கப்புறம் நீ மறுபடி ஏமாற்றினால் அது உனக்கும் கடவுளுக்கும். முடிந்ததும் குப்பத்துக்கு வந்து அண்ணியைப் பார்க்கிறேன். ரெண்டு கேன் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல். ஊர் பேச வேண்டாம், பார்த்தால் போதும்.

ஒன்பதாம் பாடம் இத்துடன் இருக்கிறது. ஆறாம் பாடத்தில் குறைத்த மூன்று மதிப்பெண்ணைப் போட்டுக்கொடுக்கலாமா என்று தாளை மறுபடி எடுத்துப் படித்தேன். யாரும் வரமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த விடை தப்பு. மூன்று போனது போனதுதான்.

பவானி